எறா வேகும் நேரம்

எறா வேக மூன்று நிமிடம் போதும், மிஞ்சினால் நான்கு. சமைக்கத் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள், அதில் பொய்யில்லை. காய்ந்த எண்ணெயில் போட்டதும் சாம்பல் பூத்த உடம்பின் ஓரங்களில் சிவப்பு ஏறத் தொடங்கும். உடம்பு வளையும். அரைவட்டமாக வளைந்து நிற்கும்போது இறக்கிவிட வேண்டும். முழுவட்டமாகச் சுருண்டுவிட்டால் தசை இறுகி, தனக்குள் இருந்த நீரையெல்லாம் சட்டிக்குக் கொடுத்துவிட்டு, எவ்வளவு மென்றாலும் வாயிலேயே நிற்கும். அந்தச் சிவப்பு நெருப்பு கொடுத்ததல்ல. அஸ்டாக்சாந்தின் என்ற நிறமி எறாவிடம் முன்பே இருக்கிறது. ஒரு புரதம் அதை இறுகப் பற்றிக்கொண்டு நீலமும் சாம்பலுமாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. சூடு பட்டதும் புரதம் குலைந்து பிடியை விடுகிறது. உயிரோடிருந்த காலமெல்லாம் மறைந்திருந்த நிறம் வெளியே வரச் சில நொடிகளே ஆகின்றன. இவ்வளவு குறைந்த நேரத்தில் இவ்வளவு முழுமையாகச் சமைந்துவிடும் இன்னோர் உயிரை நான் அடுப்பில் ஏற்றியதில்லை. அதனால்தானோ என்னவோ, வெகுநாளாக மனசுக்குள் உருவமில்லாமல் கிடந்த ஒரு சங்கடம் எறாவிடம் வந்து நின்றது. ராத்திரிச் சாப்பாடு சீக்கிரம் முடிந்துவிட்டது என்று சொல்கிறோமே, அப்போது உண்மையில் எது முடிந்தது? என் அடுப்பு பற்றுவதற்கு முன்னால் நடந்தவற்றுக்கெல்லாம் யாருடைய கடிகாரம் ஓடியது?

பெங்களூரின் ஈஜிபுராவில் எறா வாங்குவதற்கே தூரத்தை மறக்க வேண்டியிருக்கிறது. கிழக்கே சென்னை, மேற்கே மங்களூர். எந்தக் கடலும் இங்கிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர். ஊரோ கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் விவேக்நகர், நீலசந்திரா, ஆஸ்டின் டவுன், இன்னொரு பக்கம் கோரமங்கலா என்று நெருக்கிக்கொண்டிருக்கும் இந்தத் தெருக்களில் தமிழ் பேசும் வீடுகள் அதிகம். வட ஆற்காடு, தருமபுரி, சேலம் பக்கங்களிலிருந்து இரண்டு மூன்று தலைமுறைகளுக்கு முன்னால் வந்தவர்கள். அவர்கள் விட்டுவந்த ஊர்களிலும் கடல் கிடையாது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன்கடை வாசலில், மழையென்றும் பாராமல், பையை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். கடையில் இரண்டு வகை எறா. ஒன்று தலையும் மீசையுமாகப் பனிக்கட்டிமேல் கிடப்பது. மற்றது உரித்து, குடல் உருவி, பாக்கெட்டில் அடைத்து உறையவைத்தது. இரண்டாவதற்குக் கடைவரை நடக்கவும் வேண்டாம். கைபேசியில் தொட்டால், ஈஜிபுரா சிக்னலுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நிற்கும் மேம்பாலத் தூண்களின் இடுக்கில் வண்டியை நுழைத்து ஒரு பையன் கொண்டுவந்துவிடுவான். இரண்டரை கிலோமீட்டர் நீளம்கூட இல்லாத அந்தப் பாலத்தின் வேலை 2017இல் தொடங்கியது. நின்றது, ஒப்பந்தக்காரர் மாறினார், 2025 முடியும்போதும் முடிந்திருக்கவில்லை. ஒரே சாலையில் ஒன்றுக்குப் பத்து நிமிடம், இன்னொன்றுக்கு எட்டு வருடமும் போதவில்லை. அந்தப் பையன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே பையைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும் வேகத்தில் என் அவசரம்தான் தெரிகிறது. அவனுக்கு அது அவசரமாக இருக்க வேறு காரணம் இல்லை.

புட்டிச் சாஸ் வாங்காமல் வீட்டிலேயே ஒன்றைச் செய்துகொள்வது என் வழக்கம். ஹாவேரிப் பக்கத்துப் பேடகி மிளகாய் பெங்களூரில் எந்த மளிகைக்கடையிலும் கிடைக்கும். தோல் முழுக்கச் சுருக்கம், நிறம் ஏராளம், காரம் கொஞ்சம். அதில் ஐந்தாறை வெந்நீரில் ஊறவைத்து, ஒரு கைப்பிடி பூண்டு, கோலார்த் தக்காளி இரண்டு, கொட்டைப்பாக்களவு புளி, உப்பு எல்லாம் சேர்த்து மிக்ஸியில் விழுதாக அரைத்து, நல்லெண்ணெயில் பச்சை வாசனை போகும்வரை வதக்கினால் பளபளவென்று ஒரு சாஸ் கிடைக்கும். பாக்கெட் எறாவை அதில் போட்டுப் புரட்டினால் சாப்பாடு ஆயிற்று. நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சாஸ் ஒரு பக்கம், எறா ஒரு பக்கம் என்று இரண்டும் ஒரே தட்டில் பேச்சுவார்த்தை இல்லாமல் கிடக்கும். தலையோடு வாங்கிய நாளில் அப்படி நடப்பதில்லை. தலையைத் திருகி எடுத்து, கால்களின் பக்கமிருந்து கட்டைவிரலை நுழைத்து ஓட்டைக் கழற்றி, முதுகைக் கீறிக் கறுத்த குடலை உருவ வேண்டும். தலைமுனையில் இருக்கும் ரம்பம் எப்படியும் ஒரு விரலில் ஏறும். பிறகு அந்தத் தலைகளையும் ஓடுகளையும் எண்ணெயில் போட்டு மிதமான தீயில் வதக்கி, கரண்டியின் முதுகால் அமுக்கினால் உள்ளிருக்கும் மஞ்சள் கொழுப்பு கசியும். அஸ்டாக்சாந்தின் நீரில் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் செம்மஞ்சளாக மாறிவிடும். அரை டம்ளர் தண்ணீர் விட்டு, ஒரு கொதி வந்ததும் வடிகட்டி, அதில் மிளகாய் விழுதைச் சேர்த்துக் கொதிக்கவிட்டால் எண்ணெய் மேலே பிரிந்து வரும்போது பக்கத்து வீட்டுக் கதவு திறக்கும். கடல் வாசனை என்று நாம் சொல்வதெல்லாம் தலையிலும் ஓட்டிலும்தான் இருக்கிறது. சதையில் இருப்பது அதன் சாயல். அப்படியானால் தலை வேறெங்கோ கழிக்கப்பட்ட எறாவுக்கு நான் செய்யும் சாஸில் வீடு எந்த அளவுக்கு இருக்கிறது என்று யோசிக்கிறேன். மிளகாயும் பூண்டும் என் கை அரைத்தவை. எறாவிடமிருந்து அதில் வந்து சேர்ந்தது ஒன்றுமில்லை.

தலை இல்லாமல் வருவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. அதை விட்டுவிட்டுப் பேசினால் அது அநியாயம். எறாவின் செரிமானச் சுரப்பி தலைக்குள் இருக்கிறது. உயிர் போனதும் அதன் நொதிகள் பக்கத்திலுள்ள சதையையே கரைக்கத் தொடங்கிவிடும். கழுத்துப் பக்கம் தளர்ந்து, ஓடு கறுத்து, பனிக்கட்டி குறைந்த நாளில் சீக்கிரமே நாற்றம் எடுக்கும். தலையும் ஓடும் சேர்ந்தால் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவு. 350 கிலோமீட்டர் வரவேண்டிய சரக்கிலிருந்து அவற்றைக் கரையிலேயே நீக்குவது விவேகமான காரியம்தான். என்னை நெருடுவது அவற்றை நீக்கிய கை. கேரளத்தில் ஆலப்புழை மாவட்டத்து அரூர், சந்திரூர் வட்டாரம் உரிப்புக் கொட்டகைகளுக்குப் பேர்போனது. தூத்துக்குடியிலும் ஆந்திரக் கரையிலும் இதே வேலை நடக்கிறது. உரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பனிக்கட்டியில் கிடந்த எறாவை அள்ளி வைத்துக்கொண்டு மணிக்கணக்காக நின்றபடி உரிப்பார்கள். கூலி கிலோவுக்கு இவ்வளவு, பேசினுக்கு இவ்வளவு என்ற கணக்கு. விரல்நுனித் தோல் ஊறி உரியும். ரம்பம் கீறிய இடத்தில் உப்பு ஏறும். 1990களில் கேரளத்துப் பெண்கள் கூட்டங்கூட்டமாகக் குஜராத்தின் வேராவல் வரை போய் அங்கேயே தங்கி உரித்தார்கள். 1997இல் ஐரோப்பிய ஒன்றியம் சுகாதாரக் குறைகளைக் காட்டி இந்தியக் கடலுணவுக்குத் தடை போட்டது. அதற்குப் பிறகு தரை, மேசை, தண்ணீர், கையுறை, தலைத்துணி என்று எல்லாவற்றுக்கும் கண்டிப்பான விதிகள் வந்தன. வந்தது நல்லது. அந்த விதிகள் எறாவின் சுத்தத்தைக் காப்பதற்காக எழுதப்பட்டவை. எடைக்கூலிக்காரிக்கு வேகம்தான் சோறு. அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்பது விதிகளின் கண்ணில் படாத சங்கதி. நான் மிச்சம் பிடித்த அரைமணி நேரம் எங்கே போனது என்ற கேள்விக்கு ஒரு பாதி விடை அந்தப் பேசின்களுக்குள் கிடக்கிறது.

கைக்கும் எறாவுக்கும் வேறு மாதிரி உறவும் உண்டு. பழவேற்காட்டு ஏரியில் இருளர்கள் வலையில்லாமல் எறா பிடிப்பார்கள். ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் கலங்கிய நீருக்கடியில் சேற்றின்மேல் தடவிக்கொண்டே நகர்வார்கள். எறா எங்கே பதுங்கியிருக்கிறது என்பதை விரல்தான் சொல்லும். கண்ணுக்கு அங்கே வேலையில்லை. அகப்பட்டது பறிக்குள் போகும். அந்த விரல்களும் கீறல் பட்டவைதான். அதில் பாட்டும் அழகும் இருப்பதாகச் சொல்ல நான் வரவில்லை. அது குளிரிலும் பசியிலும் செய்யும் வேலை. ஆனால் எப்போது இறங்குவது, எப்போது கரையேறுவது என்பதை ஏரியின் நீர்மட்டம் தீர்மானிக்கிறது. கொட்டகையில் அதைத் தீர்மானிப்பது கப்பலேறும் தேதி.

பாக்கெட்டில் இருக்கும் எறா பெரும்பாலும் வனாமி. மெக்சிகோவிலிருந்து பெரு வரையிலான பசிபிக் கரைதான் அதன் சொந்த ஊர். வெண்புள்ளி நோய் 1990களின் நடுவிலிருந்து நம்முடைய வரி எறாவைக் குட்டை குட்டையாகக் கொன்று தீர்த்தபின், 2009இல் வனாமியை வளர்க்க அனுமதி கிடைத்தது. தாய் எறாக்கள் விமானத்தில் வந்து இறங்கும். சென்னை நீலாங்கரையில் தனித்துவைத்து நோய் உண்டா என்று பார்த்தபின் பொரிப்பகங்களுக்குப் போகும். பொரிப்பகங்களில் நடக்கும் ஒரு காரியத்தைப் படித்த நாளிலிருந்து அது என்னை விடவில்லை. பெண் எறாவின் கண்காம்பு ஒன்றை நறுக்கிவிடுகிறார்கள், அல்லது இடுக்கியால் நசுக்கிவிடுகிறார்கள். சினை முதிர்வதைத் தடுத்துவைக்கும் ஹார்மோன் அந்தக் காம்புக்குள்தான் சுரக்கிறது. காம்பு போனால் தடை போயிற்று. சில நாட்களிலேயே சினைப்பை முதிர்ந்து முட்டையிடத் தயாராகிவிடும். பொறு, இது காலமில்லை என்று உடம்புக்குச் சொல்லும் உறுப்பை இயற்கை கண்ணோடு சேர்த்து வைத்திருக்கிறது. வெளிச்சத்தையும் பருவத்தையும் அறியும் இடத்திலேயே காத்திருப்பும் இருக்கிறது. அவசரக்காரனுக்கு இரண்டையும் ஒரே வெட்டில் எடுத்துவிட முடிகிறது. இப்படிப் பிறந்த குஞ்சு குட்டைக்குப் போனால் 100 முதல் 120 நாளில் விற்பனைக்குத் தயார். இரவு முழுக்கத் துடுப்புச் சக்கரங்கள் தண்ணீரை அடித்துக் காற்றைக் கலந்துகொண்டே இருக்கும். மின்சாரம் சில மணி நேரம் நின்றால் விடிவதற்குள் எறாக்கள் செத்து மிதக்கும். என் மூன்று நிமிடத்துக்குப் பின்னால் இவ்வளவு அவசரம் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அந்த வெள்ளைச் சதையைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது.

நாகப்பட்டினத்துப் பக்கம் இந்த அவசரம் மண்ணில் எழுதப்பட்டது. 1990களில் நெல்வயல்களை வாங்கிக் கரைபோட்டுக் கடல்நீரை ஏற்றினார்கள். குறுவை நெல்லுக்கும் எறாவுக்கும் நாட்கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான், கைக்கு வரும் காசுதான் வேறு. பக்கத்து வயலில் உப்பு இறங்கியது, கிணற்று நீர் வாயில் வைக்க முடியாமல் போனது, நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு வேலை இல்லாமல் போனது. நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுப்பதில் வாழ்நாளைக் கழித்த சர்வோதயத் தம்பதி எஸ். ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் அந்த மக்களோடு நின்றார்கள். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் பாரம்பரிய முறைகள் தவிர வேறு எறாக் குட்டை கூடாது, விளைநிலத்தையும் உப்பளத்தையும் சதுப்பையும் குட்டையாக்கக் கூடாது என்றது தீர்ப்பு. 2005இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பண்ணைகளைப் பதிவுசெய்து நடத்த வழிவிட்டது. இரண்டில் எது சரி என்ற வழக்கை இங்கே நான் நடத்தப் போவதில்லை, என் மனம் ஜெகந்நாதன் பக்கம் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். 120 நாளில் காசாகிவிடும் ஒரு பயிருக்காக உப்பேறிய மண், திரும்ப நெல் தாங்கும் மண்ணாக எத்தனை மழைக்காலம் எடுத்துக்கொள்ளும் என்பது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, மெதுவாகச் சமைப்பதே மேல் என்று எழுதிவிடத் தோன்றும். எழுதக் கை வரவில்லை. மெதுவான சமையலைப் போற்றித் தமிழில் எழுதியவர்கள் பலர் அம்மிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். எங்கள் வீட்டுக்குக் கீழ்த்தளத்தில் இருக்கும் அக்கா, திருவண்ணாமலைப் பக்கம், கோரமங்கலாவில் இரண்டு வீடுகளில் சமைக்கிறார். அதில் ஒரு வீட்டில் அடிக்கடி பாக்கெட் எறாதான். "அவங்க மீட்டிங் முடிச்சிட்டு வெளிய வர்றதுக்குள்ள டேபிள்ல இருக்கணும் தம்பி. எறான்னு சொல்லிட்டா எனக்கு நிம்மதி. பத்து நிமிசத்துல முடிச்சிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடிருவேன்" என்றார். தலையோடு வாங்கி ஓட்டை வதக்கிச் சாஸ் செய்யும் என் முறையைச் சொன்னபோது பொறுமையாகக் கேட்டார். "நல்லாத்தான் இருக்கும். யாரு உரிக்கிறது?" என்றார். அரூரில் ஒரு பெண்ணின் விரலிலிருந்து போன அரைமணி நேரம் ஈஜிபுராவில் இன்னொரு பெண்ணின் காலுக்கு வந்து சேர்கிறது. இதை அநீதி என்ற ஒரே சொல்லால் மூடிவிட என்னால் ஆகவில்லை. இந்த வட்டாரத்தில் நேரம் என்பது எவ்வளவு தூரம் நடக்கிறோம் என்பதும்தான். 2013 ஜனவரியில் ஈஜிபுராவின் ஏழைகள் குடியிருப்பை இடித்து ஏறத்தாழ 1,500 குடும்பங்களை வெளியேற்றியபோது, அங்கிருந்த பெண்கள் பலர் கோரமங்கலா வீடுகளில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நடந்தே போய்ச் சமைத்துவிட்டு நடந்தே திரும்பியவர்களுக்குச் சர்ஜாபூர் சாலைப் பக்கம் சூலிகுண்டேயில் மாற்றிடம் காட்டினார்கள். அங்கிருந்து வருவதென்றால் ஒவ்வொரு நாளும் பேருந்துக்கு எவ்வளவு நேரம் கொடுக்க வேண்டும்! கோரமங்கலாவின் சாப்பாட்டு மேசைகளில் உணவு சரியான நேரத்துக்கு வந்துகொண்டிருந்ததற்கு, சமைப்பவள் நடக்கும் தூரத்தில் குடியிருந்தது ஒரு முக்கியக் காரணம். அது யாருக்கும் உறைக்கவில்லை.

அந்த அக்கா தன் வீட்டுக்குச் சமைப்பது சென்னாக்கூனி. நகத்தளவுகூட இல்லாத கூனி எறா, தலை, ஓடு, கண் எல்லாவற்றோடும் வெயிலில் காய்ந்தது. வெறும் சட்டியில் மொறுமொறுவென்று வறுத்து, முறத்தில் புடைத்து மண்ணையும் தூளையும் நீக்கி, வெங்காயம் நிறைய, தக்காளி, பூண்டு, மிளகாய்த்தூள் போட்டு வதக்கிய தொக்கில் கொட்டிக் கிளறினால் முடிந்தது. இதுவும் பத்து நிமிடச் சமையல்தான். ஒரு கவளம் சோற்றுக்கு ஒரு சிட்டிகை போதும், தெரு முழுக்க மணக்கும். நான் வதக்கி அமுக்கி வடிகட்டித் தேடுகிற தலைச்சாறு இதில் தானாகவே இருக்கிறது, ஏனென்றால் இதிலிருந்து யாரும் எதையும் பிரித்தெடுக்கவில்லை. உரிக்க ஆள் தேவைப்படாத எறா இது ஒன்றுதான். இதன் விரைவு எனக்கு உறுத்தவில்லை. ஏன் உறுத்தவில்லை என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். மணலில் பரப்பிக் கிளறி, காகத்தை விரட்டி, மேகம் கறுத்தால் ஓடிவந்து அள்ளுகிறவர்களும் பெண்கள்தான். வெயில் இலவசம் என்பதால் அவர்கள் உழைப்பு இலவசமாகிவிடாது. மலிவாக விற்கிறது என்பதால் அவர்களுக்குக் கிடைப்பதும் சொற்பமாகத்தான் இருக்கும். இருந்தும் அதில் ஒரு நேர்மை இருப்பதாகத் தோன்றுகிறது. காய்ந்து போன காலம் அதன் உடம்பிலேயே தெரிகிறது. வாங்குகிறவர் கையில் எடுத்ததும் இது வெயிலில் காய்ந்தது என்று சொல்லிவிடலாம். உறைந்த பாக்கெட்டில் எந்தக் காலமும் தெரிவதில்லை.

பாக்கெட்டைத் திருப்பினால் எடை இருக்கிறது, அடைத்த தேதி இருக்கிறது, உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறது, பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரியில் வைக்கச் சொல்லும் குறிப்பு இருக்கிறது. அதற்குமேல் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. அமெரிக்காவுக்குப் போகும் எறா எந்தப் பண்ணையில் வளர்ந்தது, எப்போது பிடிக்கப்பட்டது என்ற பதிவை 2018 டிசம்பர் 31 முதல் அங்குள்ள இறக்குமதியாளர் வைத்திருந்தாக வேண்டும். அதற்காகவே நம் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் பண்ணைகளைப் பதிவுசெய்து எண் கொடுக்கிறது. பிரிட்டனில் பெரிய கடைகள் சில, கண்காம்பு வெட்டாத தாயின் எறாவைக் கேட்டு வாங்கத் தொடங்கியிருக்கின்றன. கேட்டால் அப்படியும் பொரிக்க முடிகிறது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களின்மேல் 50 விழுக்காடு வரி போட்டபோது, எறாவை உள்நாட்டிலேயே விற்க வேண்டும், நம் மக்கள் இன்னும் அதிகம் சாப்பிட வேண்டும் என்று ஆந்திரத்திலிருந்து குரல் எழுந்தது. சாப்பிடலாம். வெளிநாட்டுக்காரனுக்குச் சொல்லும் விவரத்தை நமக்கும் சொல்லட்டும். அவனுக்குச் சொல்லாததையும் சேர்த்துச் சொல்லட்டும். ஈஜிபுரா மீன்கடையில் கேட்டுப் பார்த்தேன். பெட்டியைத் திறந்து, "நெல்லூர் மால் தம்பி, நம்பி எடுத்துக்கோ" என்றார் கடைக்காரர். உரித்தது எங்கே என்றதற்கு அவரிடம் பதிலில்லை. அவருக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. பாக்கெட்டின் பின்பக்கத்தில் நான்கு வரியில் ஒரு சமையல் குறிப்பு அச்சிட்டிருக்கிறார்கள், மூன்று நிமிடத்தில் இறக்கிவிடச் சொல்லி. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த இடத்தில் வேறு நான்கு வரி போடலாம்: குட்டையின் எண், பொரிப்பகத்தின் பெயர், உரித்த ஊர், கிலோவுக்கு உரிப்புக்கூலி.